வண்டிக்கு வயதானால் மைலேஜ் ஏன் மாறுகிறது

நெடுங்காட்டைச் சுற்றி மலை கிடையாது, மேடு என்று சொல்லவும் ஒன்றும் கிடையாது. காரைக்கால், பொறையாறு, திருநள்ளாறு என்று எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஆற்றுப் பாலங்களின் சின்ன ஏற்றத்தைத் தவிர மற்றதெல்லாம் வயல் மட்டத்துச் சாலைதான். லோடு வண்டி வைத்திருப்பவருக்கு இது பெரிய வசதி. மலைச்சாலையில் ஓடும் வண்டியின் மைலேஜ் இறங்கினால் ஏற்றம் காரணமா, இன்ஜின் காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இங்கே அந்தக் குழப்பம் இல்லை. போன வருடம் 15 கொடுத்த வண்டி இந்த வருடம் 13 கொடுக்கிறதென்றால், மாறியது வண்டி, லோடு, காற்று, ஓட்டுகிற கை இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தேடினால் பிடித்துவிடலாம்.

ஆனால் பெரும்பாலும் யாரும் தேடுவதில்லை. “வண்டி பழசாயிடுச்சு, இனிமே அப்படித்தான்” என்று விட்டுவிடுவார்கள்; இல்லையென்றால் நேராக இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். இரண்டுமே காசைக் கரைக்கும் வழி. வயது என்பது தனியாக ஒரு பழுது அல்ல. ஒழுங்காக ஆயில் மாற்றி, நல்ல ஏர் ஃபில்டரோடு ஓடிய டீசல் இன்ஜின் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் ஏறக்குறைய பழைய மைலேஜையே தரும். வருடங்கள் போகப் போக மாறுவது இன்ஜினைச் சுற்றியுள்ள மற்ற விஷயங்கள்: டயர், பிரேக், பாடி, பட்டை, ஏற்றும் சரக்கு, போகும் வழி. அதனால் இந்த அத்தியாயத்தில் இன்ஜினைக் கடைசியில்தான் தொடப்போகிறோம். உங்கள் வண்டிக்கும் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் கணக்கு

டேஷ்போர்டில் வரும் மைலேஜ் எண்ணை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டுக்கொண்டு ஓட்டினாலும் மைலேஜ் தெரியாது. காரைக்கால் பகுதியில் வரி குறைவு என்பதால் பக்கத்துத் தமிழ்நாட்டு ஊர்களைவிட டீசல் மலிவு. எல்லை தாண்டி வந்து போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இந்த மலிவினாலேயே உள்ளூர்க்காரர்கள் பலர் லிட்டர் கணக்கை எழுதிவைப்பதில்லை. எழுதிவையுங்கள்.

முறை எளிது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். நாசில் தானாகக் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். ஓடோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறையும் அதே இடத்தில், அதே மாதிரி கட் ஆகும் வரை நிரப்பிக் குறியுங்கள். முதல் முறை 84,210, அடுத்த முறை 84,735, நிரம்பியது 35 லிட்டர் என்றால் 525 கிலோமீட்டரை 35 ஆல் வகுத்து 15. ஒரு முறை எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். வண்டி நிற்கும் சாய்வு, டீசலின் நுரை இரண்டுமே ஒன்றிரண்டு லிட்டரை அங்கே இங்கே தள்ளும். தொடர்ந்து நாலைந்து தடவை நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் வண்டியின் மைலேஜ். பக்கத்தில் என்ன லோடு, எந்த வழி, யார் ஓட்டினார் என்று ஒரு வரி எழுதுங்கள். பிற்பாடு உதவப்போவது அந்த வரிதான்.

ஒப்பிடும்போது தை மாதத்தைத் தை மாதத்தோடு ஒப்பிடுங்கள். சம்பா அறுவடையில் நெல் மூட்டை ஏற்றி ஓடிய மாதத்தையும், ஐப்பசி மழையில் சேற்றுப் பாதையில் முதல் கியரில் ஊர்ந்த மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஈரச் சாலையிலும் மண் பாதையிலும் சக்கரம் உருளவே அதிக டீசல் வேண்டும்.

புது வண்டி வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு மைலேஜ் குறைவாக இருந்து, பிறகு ஏறும். ரிங், லைனர், கியர், பேரிங் எல்லாம் ஒன்றோடொன்று படிந்து உராய்வு குறைவதால் வரும் ஏற்றம் அது. ஷோரூமிலிருந்து எடுத்த மாதத்து எண்ணைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டாவது சர்வீஸ் முடிந்த பிறகு வரும் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டயர் செய்யும் கணக்குப் பிழை

நாலு டயரையும் மாற்றிய மறுமாதமே “புது டயர் போட்டும் மைலேஜ் குறைஞ்சுடுச்சு, மட்டமான டயரைக் கட்டிட்டான்” என்று பஞ்சர் கடைக்குச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. டயரில் குறை ஒன்றும் இருக்காது. இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

ஒன்று, ஓடோமீட்டர் தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு டயரில் பட்டன் 7 மில்லிமீட்டர் தேய்ந்தால், இரு பக்கமும் சேர்த்து விட்டம் 14 மில்லிமீட்டர் குறையும். அது 2 சதவீதம். தேய்ந்த டயர் அதே தூரத்தைக் கடக்க அதிகச் சுற்று சுற்றுவதால், உண்மையில் 100 கிலோமீட்டர் போன வண்டி 102 என்று காட்டும். உண்மையான மைலேஜ் 15 என்றால் உங்கள் நோட்டில் 15.3 என்று விழும். குட்டி யானை என்கிற டாடா ஏஸுக்குச் சக்கரம் இன்னும் சிறியது, ஆகவே பிழையும் இன்னும் கொஞ்சம் கூடும். புது டயர் போட்டதும் இந்தப் பொய்யான லாபம் ஒரே நாளில் போய்விடுகிறது.

இரண்டாவது பொய்யில்லை. தடித்த பட்டனோடு இருக்கும் புது ரப்பர் தரையில் படும்போதெல்லாம் அமுங்கி எழும். ஒவ்வொரு அமுங்கலிலும் கொஞ்சம் சக்தி சூடாகப் போய்விடும். தேய்ந்த டயரில் அமுங்க ரப்பர் குறைவு, அதனால் லேசாக உருளும். இரண்டும் சேர்ந்து நோட்டில் சில சதவீத இறக்கத்தைக் காட்டும். அது தானாகவே மெல்ல ஏறிவரும். இதற்காக மெக்கானிக்கைத் தேட வேண்டாம். தேய்ந்த டயர் மைலேஜ் தருகிறது என்று அதையே ஓட்டவும் வேண்டாம்; பட்டன்களுக்கு நடுவே உள்ள 1.6 மில்லிமீட்டர் குறியைத் தொட்டுவிட்ட டயர் நம் மழைக்காலச் சாலையில் ஆளைக் கொல்லும்.

காற்று விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். நாலு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஒரு பிஎஸ்ஐ என்றால் ஒன்றுமில்லைதான். ஆனால் லோடு வண்டியில் பத்துப் பிஎஸ்ஐ இறங்கியிருப்பது கண்ணுக்கே தெரியாது. டயரைக் காலால் உதைத்துப் பார்த்துக் காற்றுச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். லோடு ஏற்றும்போது பின் டயருக்கு எவ்வளவு என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். காலையில், டயர் சூடேறும் முன், கேஜ் வைத்துப் பாருங்கள்.

மீன் வண்டியும் பிடித்துக்கொண்ட பிரேக்கும்

கடலோர ஊர்களில் வண்டி பழசாக ஆக மைலேஜை அதிகம் தின்பது பிரேக் என்பது என் உறுதியான எண்ணம். காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிவரும் வண்டியின் அடியில் ஒருநாள் குனிந்து பாருங்கள். பலகை இடுக்கு வழியாக மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, சேஸில் கோடு போட்டு, பின் அச்சிலும் கைபிரேக் கேபிள் மேலும் விழுந்துகொண்டிருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்த தண்ணீர் அது. கேபிள் உறைக்குள் துரு ஏறி, இழுத்த கேபிள் முழுதாகத் திரும்பாது. டிரம்முக்குள் ஷூ திரும்ப வேண்டிய இடத்தில் துரு பிடித்து, ஷூ அரை மில்லிமீட்டர் விலகாமலே நிற்கும். முன் டிஸ்க்கில் கேலிப்பரின் பின் கிரீஸ் காய்ந்து இறுகும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பிரேக் நன்றாகவே பிடிக்கும், வண்டி ஓடவும் ஓடும். நாள் முழுக்க லேசாகப் பிரேக்கை மிதித்தபடி ஓடுகிறோம் என்பது மட்டும் புரியாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மீன் வண்டிகள் பல சும்மா நிற்கும். கைபிரேக்கை இழுத்துவிட்டு உப்புக்காற்றில் இரண்டு மாதம் நிறுத்திவைத்த வண்டியில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஜூன் நடுவில் ‘டொக்’ என்று ஒரு சத்தத்தோடு சக்கரம் விடுபடும். விடுபட்டதாக நினைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்குவார்கள். தடைக்காலத்துக்குப் பிறகு மைலேஜ் இறங்கியிருந்தால் பின் சக்கரத்தை முதலில் சந்தேகியுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது கைபிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வாரம் ஒருமுறை பத்து அடியாவது நகர்த்துங்கள்.

எஃப்சி காலமும் இப்படித்தான். பிரேக் சோதனையில் தோற்றுவிடக் கூடாது என்று இறுக்கிவைத்த ஷூவை வந்த பிறகு யாரும் தளர்த்துவதில்லை. எட்டு வருடம் தாண்டிய வாடகை வண்டி வருடாவருடம் எஃப்சி-க்குப் போக வேண்டியது. வருடாவருடம் இந்த இறுக்கமும் கூடவே வரும்.

கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். முதலாவதற்கு ஒரு செலவும் இல்லை. ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசி அரைக் கிலோமீட்டரில் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைத் தானாக இறங்கவிட்டு நிறுத்துங்கள். இறங்கி நாலு சக்கரத்தின் ஹப்புக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கையும் டிரம்மையும் நேராகத் தொட வேண்டாம், தோல் போய்விடும். நாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாவது மின்கம்பச் சோதனை. விடியற்காலையில், ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில், காலி வண்டியில், பின்னால் எந்த வண்டியும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக் கல்லாகும். வண்டி தானாக நிற்கும் வரை எத்தனை கம்பம் தாண்டியது என்று எண்ணுங்கள். காற்றின் உதவியைக் கழிக்க எதிர்த்திசையிலும் ஒருமுறை. இரண்டின் சராசரியை நோட்டில் எழுதுங்கள். பிரேக் சரியாக இருக்கும்போது எடுத்த எண் ஒன்று கையில் இருந்தால், அடுத்த வருடம் ஒரு கம்பம் குறைந்தாலே போதும், இன்ஜின் நிரபராதி என்று தெரிந்துவிடும். டயர் காற்று, பிரேக், பேரிங், அலைன்மென்ட் இவற்றில் எங்கே இழுத்தாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். தட்டையான நம் சாலை இதற்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது.

2005-ல் வந்த முதல் டாடா ஏஸுக்கு இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். இவ்வளவு சிறிய இன்ஜினுக்கு ஒரு சக்கரம் இழுத்தாலே சுமை. பெரிய பிக்கப் தாங்கிக்கொள்ளும். குட்டி யானையின் மைலேஜில் அது உடனே தெரியும்.

கூடிக்கொண்டே போகும் எடை

வாங்கும்போது இருந்த வண்டியும் ஐந்து வருடம் கழித்து நிற்கும் வண்டியும் ஒன்றல்ல. இரும்புப் பலகை, தார்ப்பாய்க்கு வளைவுக் கம்பி, வைக்கோலுக்கு உயரக் கூண்டு, கேபின் மேல் கேரியர், முன்னால் கம்பி பம்பர், பின்னால் கூடுதல் பட்டை. ஒவ்வொன்றும் தேவைக்காகப் போட்டதுதான், ஆனால் காலி வண்டியும் அந்த எடையை ஒவ்வொரு நாளும் சுமக்கிறது. கூடுதலாக 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ ஏறினால் மைலேஜ் 1 சதவீதம் குறையலாம் என்பது அமெரிக்க அரசு கார்களுக்குச் சொல்லும் கணக்கு. சிறிய வண்டிக்கு அடி இதைவிடப் பலமாக விழும். பழைய பெட்டியைத் திறந்து பார்த்தால் ஜாக்கி இரண்டு, உடைந்த பட்டை, சங்கிலி என்று ஒரு மூட்டை சிமெண்டின் எடைக்குப் பழைய சாமான் கிடக்கும். அதை இன்றைக்கே இறக்கிவிடலாம்.

எடையைவிடக் காற்று மோசம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; 60-ல் போகும் வண்டி 80-க்கு ஏறினால் காற்று கிட்டத்தட்ட முக்கால் மடங்கு அதிகமாகத் தடுக்கும். ஆடிக்காற்றில் வைக்கோல் கூண்டோடு நாகப்பட்டினம் சாலையில் போகிறவர் அதைத் தோளிலேயே உணர்வார். கூண்டை நட்டுப் போட்டு மாட்டிக் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்துவிட்டால் வருடம் முழுக்க மாசி மாத வைக்கோலுக்கான காற்றைச் சுமக்க வேண்டியதாகிறது.

வேலையும் மாறிவிடுகிறது, இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புதிதாக இருந்தபோது கும்பகோணம், திருச்சி என்று நீண்ட சவாரி போன வண்டி, பழசானதும் உள்ளூருக்கு இறங்கிவிடும். நெடுங்காட்டிலிருந்து காரைக்காலுக்குச் சுமார் பத்து கிலோமீட்டர்; இன்ஜின் சூடாகி நிதானத்துக்கு வருவதற்குள் சரக்கை இறக்கியாயிற்று. சனிக்கிழமை திருநள்ளாற்று நெரிசலில் ஊர்ந்தால் கேட்கவே வேண்டாம். அதே இன்ஜின், அதே ஆள், மைலேஜ் மட்டும் வேறு. நோட்டில் எழுதச் சொன்ன அந்த ஒரு வரி இதற்காகத்தான்.

இனி இன்ஜின்

முதலில் தெர்மோஸ்டாட் வால்வு. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?” என்று கழற்றி எறிந்துவிடும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. ஒருமுறை ஹீட் ஆன வண்டி என்றால் பெரும்பாலும் அந்த வால்வு இருக்காது. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை. அது இல்லையென்றால் இன்ஜின் எப்போதும் பாதிச் சூட்டிலேயே ஓடும். ஆயில் தடித்தே இருக்கும், டீசல் முழுதாக எரியாது, சிலிண்டர் சுவர் சீக்கிரம் தேயும். குறுஞ்சவாரி வண்டிக்கு இது இரட்டை நஷ்டம். டேஷ்போர்டில் சூட்டு முள் பாதிக்கு ஏறாமல் கீழேயே கிடக்கிறதா? வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு. ஹீட் ஆவதற்கு ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் ஃபேனையும் பார்க்க வேண்டும், வால்வைக் கழற்றக் கூடாது.

ஏர் ஃபில்டர் மேல் எல்லாப் பழியையும் போடுவார்கள். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் ஏறக்குறைய மாறவில்லை, இழுவைதான் குறைந்தது என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் கண்டது. பழைய பம்ப் வண்டிகளில் அப்படியில்லை. காற்றுக் குறைந்தாலும் டீசல் அதே அளவு விழும், கரும்புகை தள்ளும், மைலேஜ் போகும். எந்த வண்டியானாலும் அறுவடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நெல் ஏற்றும் மாதங்களில் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். பதரும் மண்ணும் கலந்த அந்தத் தூசி உள்ளே போனால் ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும்.

டீசல் ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும். மழைக்காலத்தில் அடிக்கடி வடியுங்கள். தண்ணீர் போன நாசில் சீக்கிரம் அரித்துப்போகும். நாசில் கெட்டால் டீசல் பனியாகத் தூவாமல் சொட்டாக விழும். ஐட்லிங்கில் நடுக்கம், காலையில் வெண்புகை, லோடில் கரும்புகை இவை அடையாளம். நாசிலைக் கழற்றிச் சோதனைக் கடையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சோதிக்காமல் பம்பை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கிளட்சையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடுங்கள். மேல் கியரில் மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் டீசல் கிளட்ச் தட்டில் எரிகிறது.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயில் கரி வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரிக்க வண்டியே அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலுத்தும். உள்ளூர்ச் சவாரியில் இன்ஜினைப் பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் அந்த எரிப்பு முடியாது. திரும்பத் திரும்பத் தொடங்கும், மைலேஜ் சரியும். ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் டீசல் உள்ளே இறங்கியிருக்கிறது. உடனே ஆயிலை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டினால் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

பெட்ரோல் லோடு வண்டிக்காரர்கள் எரிபொருளையும் பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. எத்தனாலில் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய நாலு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே சொல்லியிருந்தது. வண்டியில் குறையில்லாமலே வரும் இறக்கம் அது.

இவ்வளவும் பார்த்து, மின்கம்பக் கணக்கும் சரியாக இருந்து, மைலேஜ் மட்டும் ஏறவில்லை என்றால் ரிங்கையும் வால்வையும் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாகத் தள்ளுகிறதா, நீலப்புகை வருகிறதா, ஆயில் குடிக்கிறதா, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணையும் எழுதி வாங்குங்கள்.

பிரிப்பதா வேண்டாமா என்பதற்கும் கணக்கு உண்டு. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 15 கொடுத்தால் 133 லிட்டர், 13.5 கொடுத்தால் 148 லிட்டர். வித்தியாசம் மாதம் 15 லிட்டர். அன்றைய டீசல் விலையால் அதைப் பெருக்கி, மெக்கானிக் சொல்லும் தொகையை அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை மாதத்தில் காசு திரும்பும் என்று வந்துவிடும். வண்டியை அதற்கு முன்பே விற்கும் எண்ணம் இருந்தால், ஸ்டார்ட்டிங்கும் இழுவையும் சரியாக இருக்கும்வரை மைலேஜுக்காக மட்டும் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.